கதவு திறந்தபின் கடைத்தெரு: பெருந்தொற்றுக்குப் பிந்திய நுகர்வோர் செலவு பற்றிய ஒரு பாடம்



2021 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 11 ஆம் திகதி, திங்கட்கிழமை. நவராத்திரி நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஜூன் மாத இறுதியிலிருந்து நூறு நாள்களுக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த சிட்னி மாநகரின் கடைகள் அன்று திறந்தன. இரு தடுப்பூசிகளும் பெற்றவர்கள் துணிக்கடைக்கும் உணவகத்துக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் செல்லலாம் என்று மாநில அரசு அனுமதித்தது. பத்து நாள்கள் கழித்து, ஒக்ரோபர் 21 ஆம் திகதி நள்ளிரவோடு, மெல்பேர்ண் நகரின் ஆறாவது முடக்கமும் முடிவுற்றது. ஆறு முடக்கங்களையும் கூட்டினால் அந்நகர மக்கள் வீட்டில் அடைபட்டிருந்த நாள்கள் 262.

தமிழ்ப் பள்ளிகளில் இன்று கீழ் வகுப்புகளிற் பயிலும் சிறுவர்க்கு அந்நாள்கள் நினைவில் இரா. மேல் வகுப்பு மாணவர்க்கு நன்கு நினைவிருக்கும். நோயைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. பூட்டிய கதவுகள் திறந்தவுடன் மக்கள் பணத்தைச் செலவிட்டார்கள். எவரும் எதிர்பாராத விரைவில் செலவிட்டார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையாமலே போயிற்று என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

செலவும் வருமானமும்

பொருளியலில் முதற்கண் கற்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒருவருடைய செலவு மற்றொருவருடைய வருமானம் ஆகும். வென்ற்வேர்த்விலில் ஒரு தாயார் சேலை வாங்கினால் அப்பணம் கடைக்காரருக்கு வருமானம். கடைக்காரர் அதிலிருந்து தம் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கிறார். கடை வாடகை கட்டுகிறார். ஊழியர் தம் பிள்ளையின் வீணை வகுப்புக்குக் கட்டணம் செலுத்துகிறார். வீணை ஆசிரியை மாலையில் தோசைக் கடைக்குச் செல்கிறார். ஒரே நூறு டொலர் இவ்வாறு பலர் கையில் புரண்டு, ஒவ்வொரு கையிலும் சிறிது தங்கிச் செல்கிறது. அவுஸ்திரேலியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ அரைவாசி இவ்வாறு குடும்பங்கள் செய்யும் செலவேயாகும்.

பொருள் வாங்க விருப்பமும் கையிற் பணமும் ஒருங்கே இருப்பதைத்தான் பொருளியலார் 'கேள்வி' என்பர். இலங்கையிற் படித்த பெற்றோர்க்கு இச்சொல் பழக்கமானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனையே 'தேவை' என்கின்றன. வினா என்னும் பொருளில் வரும் கேள்வியோடு மாணவர் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. விருப்பம் மட்டும் இருந்து பணம் இல்லையாயின் அது ஏக்கமே தவிரக் கேள்வி ஆகாது. பணம் இருந்தும் கடை பூட்டியிருந்தால்? அதற்கு அக்காலத்திற்கு முன் பாடநூல்களில் அதிக இடமில்லை. அந்த நிலைதான் 2020 இலும் 2021 இலும் இந்நாட்டில் ஏற்பட்டது.

இந்நகரங்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவம் என்று சொல்வதற்குமில்லை. 1919 ஆம் ஆண்டு இன்புளுவென்சா நோய் பரவியபோதும் சிட்னியில் நாடக அரங்குகள் மூடப்பட்டன, முகக்கவசம் கட்டாயமாயிற்று. ஆனால் அன்று வேலையிழந்தவர் கைக்கு அரசு இருவாரத்துக்கு ஒருமுறை பணம் அனுப்பவில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்க.

ஒரு சதவீதக் கணக்கு

2020 மார்ச் மாதம் கடைகள் மூடப்படுமென்ற அச்சம் பரவியபோது மக்கள் முண்டியடித்து வாங்கினர். கழிப்பறைத் தாள், அரிசி, மா, பாஸ்ரா ஆகியவற்றின் விற்பனை அம்மாதம் இரு மடங்காயிற்று. நம்மவர் வீடுகளில் இருபது கிலோ அரிசி மூடை இருப்பது என்றும் உள்ள வழக்கமாதலால், அரிசிக்கு அலைந்த அயலவரைக் கண்டு நம்மிற் சிலர் சிரித்ததும் உண்டு. மொத்தச் சில்லறை விற்பனை அந்த மாதத்தில் 8.5 சதவீதம் உயர்ந்ததாகப் புள்ளிவிபரப் பணியகம் அறிவித்தது.

மார்ச் 23 ஆம் திகதி நண்பகலோடு உணவகங்களில் அமர்ந்து உண்பதும், திரையரங்குகளும், உடற்பயிற்சி நிலையங்களும், வழிபாட்டிடங்களும் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் மாதத்தில் சில்லறை விற்பனை 17.7 சதவீதம் வீழ்ந்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அத்தகைய வீழ்ச்சி பதிவானதில்லை. மே மாதத்தில் கட்டுப்பாடுகள் தளரவே விற்பனை 16.9 சதவீதம் உயர்ந்தது. அதுவும் அதுவரை காணாத உயர்வே.

மாணவர்கள் இங்கு சற்று நிற்கவேண்டும். 17.7 இறங்கி 16.9 ஏறினால் ஏறக்குறையப் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். ஏப்ரலுக்கு முன் 100 டொலர் விற்பனை இருந்ததாகக் கொள்வோம். அது 82 டொலர் 30 சதமாகக் குறைகிறது. 82.30 இல் 16.9 சதவீதம் ஏறினால் கிடைப்பது 96 டொலர் 20 சதம். இன்னும் ஏறக்குறைய நான்கு டொலர் குறைவு. பள்ளத்தில் நின்று அளக்கும் ஏற்றம் பெரிதாகத் தோன்றும் என்பதே இதன் சூட்சுமம். மார்ச் மாத விற்பனை முண்டியடித்து வாங்கியதால் வீங்கிய விற்பனை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

உடைகளின் கணக்கு வேறு. ஆடை, காலணி, அணிபொருள் விற்பனை அந்த ஏப்ரலில் 53.6 சதவீதம் வீழ்ந்தது; மே மாதத்தில் 129.2 சதவீதம் உயர்ந்தது. 100 டொலர் 46.40 ஆகி, மீண்டும் 106 டொலருக்குச் சற்று மேலாயிற்று. அதாவது முந்திய நிலையையும் தாண்டியது. சட்டை வாங்குவதைத் தள்ளிப்போட்டவர் பின்னர் வாங்கினார். உணவகங்களோ ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, மே மாதத்தில் சிறிது எழுந்தபோதிலும் பழைய நிலைக்கு நெடுந்தொலைவு பின்னாலேயே நின்றன.

இதன் காரணத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முடக்கக் காலத்தில் ஒருவர் ஐந்து மாதம் முடி வெட்டவில்லை என வைத்துக்கொள்வோம். கதவு திறந்ததும் முடிதிருத்துபவரிடம் செல்கிறார். ஐந்து முறையா வெட்டுவார்? ஒருமுறைதான். தவறிய நான்கு வெட்டுகளின் பணம் முடிதிருத்துபவருக்கு என்றென்றும் வராது. வெள்ளிக்கிழமை தோறும் கொத்துரொட்டி வாங்கிய குடும்பம், தவறிய பதினைந்து வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்து ஒரே நாளில் உண்ண மாட்டாது. பொருள் காத்திருக்கும், சேவை காத்திராது. உணவகம், வாடகை வண்டி, நடன வகுப்பு, மண்டபம் என இவற்றை நம்பி வாழ்வோர் நம் சமூகத்திலும் பலர் உள்ளனர். மொத்தக் கணக்கு மேலெழுந்தது என்று செய்தியில் வந்த நாள்களில், அவர்கள் இழந்தது இழந்தபடியே இருந்தது.

கொண்டாட்டங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒத்திவைத்த அரங்கேற்றம் பின்னர் நடந்தது. ஒத்திவைத்த திருமணமும் நடந்தது. ஆனால் எல்லாம் ஒரே காலத்தில் நடக்க வந்து நின்றன. மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமையில் ஒரு விழாதான். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் மணவிழா வைப்பதில்லை. எஞ்சிய மாதங்களின் வார இறுதிகளுக்குள் ஒத்திவைத்த விழாக்களையும் புதிய விழாக்களையும் அடக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அழைக்கும் பக்கவாத்தியக் கலைஞர் எல்லை திறக்கும்வரை வர இயலவில்லை. சுற்றுலா வீசாவில் வருவோர்க்கு 2022 பெப்ரவரி 21 ஆம் திகதிதான் எல்லை திறந்தது. கேள்வி மிகுந்து நிரம்பல் அப்படியே நின்றால் விலை உயரும் என்ற விதியை, மண்டபத்துக்கும் பூமாலைக்கும் விலை கேட்ட பெற்றோர் பாடநூல் இல்லாமலே கற்றுக்கொண்டனர்.

பணம் எங்கே இருந்தது?

இனி, செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வேலை நின்றது, கடை பூட்டியது, வருமானம் வீழ்ந்திருக்க வேண்டும். கதவு திறந்தபோது கைகள் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். வழக்கமான பொருளாதார மந்தத்தில் நிகழ்வது அதுவே. 2020 ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 7 சதவீதம் வீழ்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. குடும்பங்களின் செலவோ 12.1 சதவீதம் வீழ்ந்தது. ஆயினும் அதே காலாண்டில் குடும்பங்களின் சேமிப்பு விகிதம் முன்னைய ஆறு சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இருபது சதவீதத்துக்கு உயர்ந்தது. கைக்கு வந்த ஒவ்வொரு நூறு டொலரிலும் இருபது டொலர் செலவாகாமல் தங்கிற்று என்பது இதன் பொருள்.

காரணங்கள் இரண்டு. செலவிட வழியில்லை என்பது ஒன்று. ஓராண்டில் இந்நாட்டு மக்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணங்கள் மேற்கொள்வது வழக்கம். அது அடியோடு நின்றது. ஊருக்குப் போகும் விமானச் சீட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பல வீடுகளுக்குப் புதிய சோபாவும் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தன. மற்றையது அரசு தந்த பணம். 2020 மார்ச் 30 ஆம் திகதி அறிவித்த ஜொப்கீப்பர் திட்டத்தின்படி, விற்பனை பெரிதும் வீழ்ந்த நிறுவனங்களின் ஊழியர்க்கு இருவாரத்துக்கு 1500 டொலர் அவ்வந்த நிறுவனத்தின் வழியாக வழங்கப்பட்டது. வேலையற்றோர்க்கான கொடுப்பனவில் இருவாரத்துக்கு 550 டொலர் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டது. ஓய்வுகாலச் சேமிப்பாகிய சுப்பர் நிதியிலிருந்து பத்தாயிரம் டொலர் வரை இருமுறை எடுக்கவும் இடமளித்தனர். இந்த மூன்றாவது ஏற்பாடு அரசு தந்த பணமன்று, தம் முதுமையிலிருந்து தாமே கடன் வாங்கியதுதான் என்பது அன்று பலருக்குத் தோன்றவில்லை.

2021 இல் சிட்னியும் மெல்பேர்ணும் மீண்டும் மூடியபோது இதே கதை திரும்பவும் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் காலாண்டில் குடும்பச் செலவு 4.8 சதவீதம் வீழ்ந்து, சேமிப்பு விகிதம் மறுபடியும் இருபதை ஒட்டி ஏறியது. கதவு திறந்த டிசெம்பர் காலாண்டில் செலவு 6.3 சதவீதம் எழுந்தது. ஒக்ரோபர் மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சில்லறை விற்பனை மட்டும் 13.3 சதவீதம் உயர்ந்தது. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 4 ஆம் திகதி. சிட்னியில் கடை திறந்து மூன்று வாரங்களுக்குச் சற்று மேலேதான் ஆகியிருந்தது. மெல்பேர்ணில் சாதாரணக் கடைகளுக்குள் வாடிக்கையாளர் நுழைய ஒக்ரோபர் 29 வரை பொறுக்க வேண்டியிருந்ததால், அங்குள்ளோர்க்குப் புத்தாடை வாங்கக் கிடைத்தது ஒரு வாரந்தான். முந்திய ஆண்டு, 2020 இல், மெல்பேர்ணின் 112 நாள் முடக்கம் நீங்கியதும் விக்ரோறியாவில் நவம்பர் மாத விற்பனை 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது.

பெற்றோர்கள் இங்கு ஒரு வினா எழுப்பலாம். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். வரவுக்குள் செலவை அடக்கியவனுக்குக் கேடில்லை என்பது நம் முன்னோர் நெறி. இந்தப் பொருளியலார் மட்டும் செலவிடுங்கள், செலவிடுங்கள் என்கிறார்களே? இதற்கு ஜோன் மேனாட் கெயின்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் 1930 களின் பெருமந்தத்தை ஆராய்ந்து விடை தந்தார். ஒரு குடும்பம் சிக்கனமாயிருந்தால் அக்குடும்பம் செழிக்கும். எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால் எல்லாருடைய வருமானமும் சுருங்கும். முடிவில் எவராலும் சேமிக்க இயலாமற் போகும். இதனைச் 'சிக்கனத்தின் முரண்' என்பர். வீட்டுக்கு ஆகும் நெறி நாட்டுக்கு அப்படியே ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அரசு அந்நாள்களில் கடன்பட்டுப் பணம் கொடுத்ததற்கும் இதுவே நியாயம்.

ஆயினும், சேமிப்பு உயர்ந்தது என்னும்போது யாருடைய சேமிப்பு என்று கேட்க வேண்டும். இரு நூறு பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட மேலதிகச் சேமிப்பு நாட்டுக் குடும்பங்களிடம் சேர்ந்ததாக றிசேர்வ் வங்கி மதிப்பிட்டது. அது எல்லா வீடுகளிலும் சமமாகச் சேரவில்லை. வீட்டு மேசையில் கணினியை வைத்து வேலை செய்தவருக்குச் சம்பளம் குறையவில்லை. ரயில் கட்டணமும் மதிய உணவுச் செலவும் மிச்சம். தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் முதியோர் இல்லத்திலும் உழைத்தவர் வெளியே சென்றே ஆகவேண்டும், அல்லது வருமானத்தை இழக்க வேண்டும்.

2021 இல் சிட்னியின் மேற்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கே கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. கம்பலண்ட், பிளக்ரவுண், பரமற்றா, ஸ்ரத்பீல்ட் ஆகிய நகராட்சிப் பகுதிகள் அவற்றுள் அடங்கும். நம்மவர் செறிந்து வாழும் இடங்கள் இவை என்பது சொல்லாமலே விளங்கும். ஒகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் நடுப்பகுதிவரை அங்கு இரவு 9 மணி தொடக்கம் காலை 5 மணிவரை ஊரடங்கு. 'ஊரடங்கு' என்ற சொல்லை இலங்கையில் விட்டுவிட்டு வந்ததாக எண்ணியிருந்த முதியோர்க்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடற்கரையோரப் பகுதிகளில் வாழ்ந்தோர்க்கு அவ்வூரடங்கு இல்லை.

கைநீட்ட இடமில்லாதோர்

2020 இன் உதவித் திட்டங்களில் ஒரு பெரும் விடுபாடு இருந்தது. பன்னாட்டு மாணவர், தற்காலிக வேலை வீசா உடையோர், புகலிடக் கோரிக்கை முடிவுறாது இணைப்பு வீசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர் ஆகியோர்க்கு ஜொப்கீப்பர் பொதுவாகக் கிட்டவில்லை. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத தற்காலிக வீசாவினர் தாயகம் திரும்புவதே நன்று என அப்போதைய பிரதமர் ஸ்கொட் மொறிசன் 2020 ஏப்ரலில் கூறினார். விமானங்கள் நின்றுவிட்ட காலம் அது. புகலிடம் கோரிய ஒருவர் எந்தத் தாயகத்துக்குத் திரும்புவார் என்பதை அவ்வுரை கருதியதாகத் தெரியவில்லை.

உணவக அடுக்களையிலும் துப்புரவுப் பணியிலும் வேலை செய்தோர் இவர்களிற் பலர். அதாவது, முதலில் மூடிய கதவுகளுக்குள் நின்றவர்கள். இவர்கள் வருமானம் நின்றபோது இவர்கள் வழமையாகப் பொருள் வாங்கிய சிறு கடைகளின் விற்பனையும் நின்றது. ஒருவர் செலவு மற்றவர் வருமானம் என்று முதலில் கண்டோமல்லவா? ஒருவரை விலக்கினால் அவரோடு முடிவதில்லை. அவரிடமிருந்து வரவேண்டியது பின்னால் நிற்பவர்க்கும் வராமற் போகிறது. 2021 இல் வழங்கிய பேரிடர்க் கொடுப்பனவு வேலை செய்யும் உரிமையுள்ள தற்காலிக வீசாவினர்க்கும் கிட்டியது. முந்திய ஆண்டின் தவறு ஓரளவு திருந்திற்று என்றே கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் உணவுப் பொதி கட்டிக் கொடுத்தவர்கள் கோயில்களையும் சங்கங்களையும் சேர்ந்த தொண்டர்களே.

தாயகங்களின் நிலையையும் ஒப்பு நோக்குவோம். தமிழ்நாட்டில் 2021 இல் புதிதாக அமைந்த அரசு, அரிசி பெறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு 4000 ரூபாவை இரு தவணையாகக் கொடுத்தது. ஏறக்குறைய இரண்டு கோடிக் குடும்பங்கள் அதனைப் பெற்றன. சிறு தொகைதான். ஆனால் நியாயவிலைக் கடை வழியே அட்டை வைத்திருந்த எல்லாருக்கும் சென்றது. வாங்கியவர் அதனை வங்கியில் இடவில்லை, அரிசிக்கும் எண்ணெய்க்கும் செலவிட்டனர். இலங்கையில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் வறிய குடும்பங்களுக்கு 5000 ரூபா கொடுத்தனர். அங்கும் கதவுகள் திறந்தன. ஆயின் நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகவே, 2022 இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது. கடை திறப்பதும் செலவு மீள்வதும் இருவேறு நிகழ்ச்சிகள் என்பதற்கு இதனைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இருபத்தைந்து டொலர் வவுச்சர்

மக்களைப் பொருள் வாங்கச் செய்வதினும் உணவகத்துக்கு அழைத்துவருவது கடினம் என்பதை அரசுகள் உணர்ந்தன. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2021 இல் டைன் அன்ட் டிஸ்கவர் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 25 டொலர் பெறுமதியான நான்கு வவுச்சர்கள். இரண்டு உணவுக்கு, இரண்டு கலை, பொழுதுபோக்குக்கு. முடக்கம் நீங்கியபின் மேலும் இரண்டு சேர்த்தனர். மெல்பேர்ண் மாநகராட்சி வேறு வழியைக் கையாண்டது. நகர மையத்தில் உண்டபின் பற்றுச்சீட்டைக் காட்டினால் செலவில் ஒரு பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது. முதலில் 20 சதவீதம், பின்னர் 30.

இத்திட்டம் பயனுள்ளதா என்று மாணவர் தாமே ஆராயலாம். கணவனும் மனைவியுமாக இருவர் இரண்டு வவுச்சருடன் சென்று 90 டொலருக்கு உண்கின்றனர். 50 டொலர் அரசின் பணம். 40 டொலர் அவர்கள் பணம். வவுச்சர் இல்லாவிடில் அவர்கள் வீட்டிலேயே சமைத்திருப்பர் என்றால், உணவகத்துக்குக் கிடைத்த 90 டொலரும் புதிய வருமானம். வவுச்சர் இல்லாவிடினும் அவர்கள் சென்றிருப்பர் என்றால், உணவகத்துக்குப் புதிதாக ஒன்றுமில்லை. குடும்பத்துக்கு 50 டொலர் மிச்சம், அவ்வளவே. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். சிக்கனம் மிக்க நம் குடும்பங்கள் பல வவுச்சரைக் கண்டபின்னரே வெளியில் உண்ணச் சென்றன என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. ஆகவே நம்மவர் உணவகங்களுக்கு அது மெய்யாகவே உதவியிருக்கும். குறையும் உண்டு. வவுச்சரைப் பெற இணையக் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. பேரப்பிள்ளையின் உதவியின்றி எத்தனை தாத்தா பாட்டிமார் அதனைச் செய்திருக்க முடியும்?

அரசு எத்தனை வவுச்சர் கொடுப்பினும் அச்சத்தை வெல்ல இயலாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 2021 டிசெம்பரில் ஒமிக்ரோன் பரவத் தொடங்கியது. கடைகள் திறந்தே இருந்தன. எவரையும் வீட்டில் இருக்குமாறு அரசு பணிக்கவில்லை. மக்கள் தாமே வீட்டில் இருந்தனர். ஊழியர் பலர் நோயுற்றமையால் சில கடைகள் ஆளின்றி மூடின. முடக்கத்தில் உதவிப் பணம் இருந்தது. இந்த அறிவிக்கப்படாத முடக்கத்தில் முன்போன்ற உதவி இல்லை. 2022 தைப்பொங்கலை நினைவிற் கொள்வோர் அன்றைய வெறிச்சோடிய உணவகங்களையும் நினைவிற் கொள்வர்.

பின்னர் நடந்தது

தேங்கியிருந்த பணம் வெளிவந்தது. பொருள்களோ அதே வேகத்தில் வரவில்லை. கப்பல் வரத்துத் தடைப்பட்டிருந்தது. 2022 இல் உக்ரேன் போர் எரிபொருள் விலையையும் கோதுமை விலையையும் உயர்த்தியது. அவ்வாண்டு இறுதியில் இந்நாட்டின் பணவீக்கம் 7.8 சதவீதத்தை எட்டியது. றிசேர்வ் வங்கி 2022 மே மாதம் வரை 0.10 சதவீதமாக வைத்திருந்த வட்டியைப் படிப்படியாக உயர்த்தி 2023 நவம்பரில் 4.35 ஆக்கியது. ஆறு இலட்சம் டொலர் வீட்டுக்கடன் உள்ள குடும்பத்தின்மீது இவ்வுயர்வு முழுவதும் ஏறியதாகக் கொண்டால், ஆண்டுக்கு 25,500 டொலர் மேலதிக வட்டி. 2020 இலும் 2021 இலும் 'வட்டி மலிவு' என்று கேட்டு வீடு வாங்கிய இளங்குடும்பங்கள் இக்கணக்கை உறக்கத்திலும் அறியும். இருபதை ஒட்டியிருந்த சேமிப்பு விகிதம் 2023 இல் ஒன்றை ஒட்டி இறங்கியது.

இங்கும் ஒரு கணக்கு நுட்பம் உண்டு. 2023 இல் கடைகளின் விற்பனைத் தொகை முந்திய ஆண்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அவ்வாண்டின் முதல் இரு காலாண்டுகளிலும் வாங்கிய பொருள்களின் அளவு குறைந்தது. கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த பொருளோடு வீடு திரும்பினோம். விற்பனை உயர்ந்தது என்று செய்தி வாசிப்பவர் கூறும்போது, டொலரிலா, அளவிலா என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்கள் கைக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

மேல் வகுப்பு மாணவர்கள் பெற்றோரின் உதவியோடு இதனைச் செய்து பார்க்கலாம். பெற்றோரின் வங்கிக் கணக்கு அறிக்கைகள் இணையத்திற் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அவர்கள் அனுமதியுடன் 2021 ஓகஸ்ட், 2021 நவம்பர், சென்ற மாதம் ஆகிய மூன்று மாதங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்துக்கொள்க. மளிகை, உடை, உணவகம், போக்குவரத்து, வட்டி, ஊருக்கு அனுப்பியது என்று தமிழிலே தலைப்பிட்டு ஒவ்வொன்றின் கீழும் தொகையை எழுதுக. நவம்பரில் எது எழுந்தது, எது எழவில்லை என்று குறித்துக்கொண்டு, எழாதுபோன செலவு ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்பணத்தை முன்னர் பெற்றுவந்தவர் யார் என்று எழுதுக. பெயர் தெரியாவிடின் அவர் செய்த தொழிலை எழுதினாற் போதும்.